ஃபைன் நோட்டில் கிடக்கும் வாழ்க்கை: மறைந்த கிளப் உறுப்பினர்களைப் பற்றி எழுதப் போகிறவர்களுக்கு

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைக் கிளப் எதுவானாலும், வெள்ளி விழாவும் பொன்விழாவும் நெருங்கினால் கமிட்டியில் யாராவது ஒருவர் "மறைஞ்சுபோன மெம்பர்களப் பத்தி ஒரு மலர் போடணும்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் பழைய சூவனீர்களை (விழா மலர்களை) கொண்டுவந்து மேஜையில் குவித்து, படத்தையும் பத்தியையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம் என்று முடிவாகும். வேலை கெடுவது அங்கேதான். சூவனீரில் எல்லாரும் பண்பாளர், எல்லாரும் கொடை வள்ளல், எல்லாரும் புன்னகை மாறாதவர். வடசேரியில் நகைக்கடை வைத்திருந்தவருக்கும் குலசேகரத்தில் ரப்பர் எஸ்டேட் பார்த்தவருக்கும் ஒரே பத்திதான். பெயரை மாற்றி ஒட்டினால் வீட்டாருக்கே அடையாளம் தெரியாது.

அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பதற்கான சாட்சி கிளப் அலமாரியில்தான் இருக்கிறது, ஆனால் பளபளப்புத் தாளில் இல்லை. கேஷ் புக், வவுச்சர் கட்டு, வருகைப் பதிவேடு, மேக்கப் கார்டு, லீவு கேட்டு எழுதிய கடிதம், கூட்டத்தில் அபராதம் பிரிக்கும் சார்ஜென்ட் கையில் வைத்திருந்த ஃபைன் நோட்டு என்று யாரும் திரும்பிப் பார்க்காத அழுக்குப் புத்தகங்களில் அது கிடக்கிறது. குமரி மாவட்டத்துக் கிளப் ரெக்கார்டுகளில் கைவைக்கும்போது எதை எங்கே தேடுவது, எங்கெங்கே வழுக்கும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

அலமாரியைத் திறக்கும் முன்

தை முதல் பங்குனிக்குள் திறந்துவிடுங்கள். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே கொட்டும் மாவட்டம் இது. ஜூனில் திறந்தால் காகிதம் ஈரத்தில் அப்பளம்போல் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய தாள்களை நகத்தால் பிரிக்கக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே எழுதாத வெள்ளைத் தாள் வைத்து இரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் தானே விடும். செய்தித்தாளை இடையில் வைத்தால் அதன் மை மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) இறங்கிவிடும். வெயிலில் காயவைப்பதும் வேண்டாம், நீல மசி வெளிறிவிடும்.

துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை முன்பக்கம் பிடித்து இழுத்தால் தாள் கிழியும். பின்புறம் திருப்பி, இரண்டு காலையும் சிறு கத்தி முனையால் நிமிர்த்திவிட்டு எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் டேப் உதிரும், மஞ்சள் பசை மட்டும் எழுத்தின்மேல் நிற்கும். கரையான் புற்று கண்டால் அந்தத் தட்டில் உள்ளதை முதலில் வெளியே எடுத்துவிட்டுப் பிறகு மருந்து அடியுங்கள், புத்தகத்தின் மேலேயே அடிக்க வேண்டாம். ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டைகளைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, எழுத்து தப்பியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய ஃபேக்ஸ் தாள்கள் இருந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து தானாகவே மறையும், பாதி ஏற்கெனவே மறைந்திருக்கும்.

பெயர்ப் பட்டியல்

முதல் வேலை பட்டியல். கிளப் தொடங்கியபோது கிடைத்த சார்ட்டர் சான்றிதழ், ஆண்டு டைரக்டரிகள், சந்தா லெட்ஜர், ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைலில் ஓட்டிய வாராந்தர புல்லட்டின்கள் இவை நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தலைவர் அணியும் காலரில் முன்னாள் தலைவர்களின் பெயர்ப்பட்டைகள் வரிசையாக இருக்கும். இன்ஸ்டலேஷன் என்கிற பதவியேற்பு அன்று எல்லாரும் கழுத்தைப் பார்ப்பார்களே தவிர, அதை ஒரு ஆவணமாக யாரும் வாசிப்பதில்லை. வாசித்தால் நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போயிருப்பது தெரியவரும்.

சார்ட்டர் பட்டியலை அப்படியே நம்பிவிடவும் கூடாது. லயன்ஸ் கிளப் தொடங்கக் குறைந்தது 20 பேர் வேண்டும். எண்ணிக்கை சேர்வதற்காக நண்பர் கேட்டுக் கொடுத்த பெயர்களும் அதில் இருக்கும். ஒரே ஒரு காலாண்டுச் சந்தா கட்டிவிட்டுக் காணாமல் போனவர்கள் லெட்ஜரில் தனியாகத் தெரிவார்கள். அவர்களை நீக்கிவிட வேண்டாம். பெயரும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் போதும்.

பெயர்களில்தான் குமரி மாவட்டத்துக்கென்றே தனிக் குழிகள் இருக்கின்றன. முதலாவது இனிஷியல். அது தகப்பனார் பெயர்தான் என்று எண்ணி 'இன்னாரின் மகன்' என்று எழுதிவிடாதீர்கள். வீட்டுப் பெயராக இருக்கலாம், ஊர்ப் பெயராக இருக்கலாம். தாய்வழியில் சொத்து இறங்கும் மருமக்கத்தாயக் குடும்பங்களில் பிறந்த பழைய தலைமுறையினருக்குத் தாய்மாமன் பெயராகவும் இருக்கலாம். நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே 1926-இல் வந்த ரெகுலேஷன்தான் சொத்து முறையை மாற்றியது. அதற்கு முன் பிறந்தவர் என்றால் கேட்டுத்தான் எழுத வேண்டும். இரண்டு இனிஷியல் இருந்தால் எது எதற்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது எழுத்துக்கூட்டு. பழைய மினிட்ஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். திருவிதாங்கூர் வழக்கப்படி 'மணி' என்று முடியும் பெயரின் கடைசியை எம்ஓஎன்ஒய் என்று எழுதியிருப்பார்கள். வெளியூர் டைப்பிஸ்ட் அதைத் தமிழில் 'மோனி' ஆக்கிவிடுவார். 'தங்க' என்பதில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் கே இருக்கும், அது 'தன்கராஜ்' ஆகிவிடும். தமிழில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் கிடைத்தால் அதுதான் முடிவு. கல்யாணப் பத்திரிகையும் நல்ல சாட்சி.

மூன்றாவது, ஒரே பெயரில் இரண்டு பேர். ஒரே கிளப்பில் ஒரே இனிஷியலில் இரண்டு செல்லையா இருந்தால் மினிட்ஸ் எழுதியவர் தனக்குத் தெரிந்தபடி 'மில்லு செல்லையா', 'காலேஜ் செல்லையா' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். ரோட்டரி ரெஜிஸ்டரில் இதற்கு ஒரு மருந்து உண்டு: கிளாஸிஃபிகேஷன். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தொழில் வகை எழுதியிருக்கும். 'மெடிசின் – சர்ஜரி', 'லா – சிவில்', 'காஷ்யூ – எக்ஸ்போர்ட்' இப்படி. ஒரு தொழிலில் கூட்டம் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த முறை அது. இன்று நமக்கு ஆளைப் பிரித்தறிய உதவுகிறது. அதோடு, அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) நடத்தியவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டார் என்பதும் தெரிகிறது.

பதவி ஆண்டை ஒற்றை எண்ணில் எழுதவே கூடாது. கிளப் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். '1978-இல் தலைவர்' என்றால் 1977-78 ஆகவும் இருக்கலாம், 1978-79 ஆகவும் இருக்கலாம். இரண்டு குடும்பங்கள் ஒரே ஆண்டுக்கு உரிமை கொண்டாடும் சண்டை இதில்தான் வரும்.

பிறந்த தேதி, இறந்த தேதி

டைரக்டரியில் பிறந்தநாள் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டால் பாதி தப்பாகும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அது. மே மாதக் கடைசி, ஜூன் மாத முதல் என்று ஒரே பக்கத்தில் ஏழெட்டுப் பேர் பிறந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டில் ஜாதகம் இருந்தால் அதில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக்கணக்கு), மலையாள மாதம், நட்சத்திரம் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபை ஞானஸ்நான ரெஜிஸ்டர். ஆனால் அதில் உள்ளது ஞானஸ்நானத் தேதியா, பிறந்த தேதியா என்று பத்தியின் தலைப்பைப் பார்த்து எழுத வேண்டும்.

கொல்லம் ஆண்டை மாற்றுவது எளிது, ஆனால் எல்லாரும் 825-ஐக் கூட்டிவிட்டு ஒரு வருஷம் தப்பு விடுவார்கள். ஆண்டு பிறப்பது சிங்கம் 1, அதாவது ஆகஸ்ட் நடுவில். சிங்கம் முதல் தனு நடுவரை, அதாவது டிசம்பர் 31 வரை, 824 கூட்ட வேண்டும். அதற்குப் பிறகு கர்க்கடகம் முடியும் வரை 825. '1131 துலாம்' என்றால் 1955 அக்டோபர்-நவம்பர். '1105 மேடம்' என்றால் 1930 ஏப்ரல்-மே. "தொண்ணூத்தொன்பது வெள்ளத்துக்கு அவிய கைக்குழந்த" என்று ஒரு பாட்டி சொன்னால் அது 1099 கர்க்கடகம், 1924 ஜூலை. இந்தப் பேச்சை அசட்டை செய்யாதீர்கள். பள்ளிச் சான்றிதழைவிட இது நம்பகமாக இருந்துவிடும்.

படிப்பைச் சரிபார்க்கவும் வரலாறு உதவும். நாகர்கோவிலில் பி.ஏ. படித்தார் என்றால் எந்தப் பல்கலைக்கழகம்? 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்தது. 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபின் சென்னை, 1966-க்குப் பின் மதுரை, 1990-க்குப் பின் மனோன்மணியம் சுந்தரனார். 1948-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் என்று எழுதியிருந்தால் மறுபடி கேட்க வேண்டும். முதல் சம்பளத்தைத் திருவிதாங்கூர்க் காசான சக்கரத்தில் சொன்னால் 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. மலரில் அதைச் சக்கரத்திலேயே அச்சிடுங்கள், மாற்றினால் ருசி போய்விடும்.

இறந்த தேதிக்கு இறப்புச் சான்றிதழ்தான் கடைசி வார்த்தை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்த மாவட்டத்துக்காரர்களில் எத்தனையோ பேர் கடைசி நாட்களில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்கள். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். நாகர்கோவிலிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிடும் முன் திருவனந்தபுரம் மாநகராட்சியைக் கேட்டீர்களா என்று பாருங்கள். சான்றிதழ் இல்லையென்றால் பதினாறு அடியந்திர (பதினாறாம் நாள் சடங்கு) கார்டு, நினைவு ஆராதனைத் தாள், பேப்பரில் போட்ட கண்ணீர் அஞ்சலி விளம்பரம், ஜமாஅத் பதிவேடு இவற்றில் ஏதாவது இரண்டு ஒத்துப்போக வேண்டும். கல்லறைக் கல்வெட்டில் தேதி பெரும்பாலும் சரியாக இருக்கும், வயதை நம்ப வேண்டாம். '72' என்பது முடிந்த வயதா நடப்பு வயதா என்பது கல் வெட்டியவருக்கும் தெரியாது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் போனால் குடும்பம் முழுக்க அங்கேயே இருக்கும். மெழுகுவர்த்தி ஏற்றி முடித்தபின் பேச்சுக் கொடுக்கலாம்.

அழுக்குப் புத்தகங்கள்

இனிதான் நெய்யான பகுதி.

வாராந்தரக் கூட்டத்தில் ரோட்டரியில் சார்ஜென்டும் லயன்ஸில் டெய்ல் ட்விஸ்டரும் ஃபைன் பிரிப்பார்கள். சட்டையில் கிளப் பின் குத்தாமல் வந்தால் 50 பைசா, தாமதமாக வந்தால் 1 ரூபாய். அதோடு நல்ல சேதி இருந்தால் மகிழ்ச்சிக்கு ஒரு தொகை. இதை எழுதிவைத்த நோட்டு பெரும்பாலும் பள்ளிக்கூட நாற்பது பக்க நோட்டுதான், அதனால்தான் பழைய பேப்பர்காரருக்கு முதலில் போவதும் அதுதான். தப்பிப் பிழைத்திருந்தால் அதை விடாதீர்கள். 'மகன் எஸ்எஸ்எல்சி பாஸ் – 5', 'புது லாம்ப்ரெட்டா – 10', 'பேத்தி – 11', 'வீடு பால்காய்ப்பு – 25'. ஒவ்வொரு வரிக்கும் தேதி இருக்கும். ஒருவர் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பத்து வருஷ நோட்டைப் புரட்டினால் அந்தக் குடும்பத்தின் நல்லது எல்லாம் வரிசையாக வந்துவிடும். திடீரென்று ஆறு மாதம் அவர் பெயரில் ஒரு வரியும் இல்லை என்றால் அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று வீட்டில் மெல்லக் கேட்க வேண்டும்.

அடுத்தது மேக்கப் கார்டு. ரோட்டரியில் தொடர்ந்து நான்கு கூட்டம் வராவிட்டால் உறுப்பினர் பதவி போய்விடும் என்று விதி இருந்தது. வெளியூர் போனவர் அங்கே உள்ள கிளப் கூட்டத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கி வந்தால் வருகை சேரும். அந்தச் சின்னக் கார்டில் ஊர், தேதி, அந்தக் கிளப் செயலாளரின் ஒப்பம் இருக்கும். கயிறு வியாபாரி ஒருவரின் கார்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினால் ஆலப்புழை, கொச்சி, சென்னை என்று அவர் தொழில் போன பாதை மேஜைமேலேயே கிடக்கும். எந்த வருஷத்திலிருந்து வடக்கே போவது நின்றது என்பதும் தெரியும். வாழ்க்கைக் குறிப்பில் 'பெருந்தொழிலதிபர்' என்று எழுதுவதைவிட, 'இந்த வருஷம் முதல் இந்த வருஷம்வரை மாதம் ஒருமுறை கொச்சி போய்வந்தார்' என்பது கனமான வாக்கியம்.

லீவு கடிதங்களும் அப்படித்தான். 'உடல்நலமில்லை' என்ற ஒற்றை வரியின் கீழே 'முகாம், வேலூர்' என்று இருந்தால் சிகிச்சைக்குப் போயிருக்கிறார் என்று இந்தப் பக்கத்தில் எவருக்கும் புரியும்.

கேஷ் புக்கை வாசிக்கத் தனிக் கண் வேண்டும். நன்கொடைப் பட்டியலில் முன்னால் நிற்கும் பெயர்களை விட்டுவிட்டு 'அட்வான்ஸ்' என்ற பத்தியைப் பாருங்கள். முகாமுக்கு முன்பணம் வாங்கி, இரண்டு வாரத்துக்குள் வவுச்சரோடு மீதியைத் திருப்பிக் கட்டியவர் எவரோ அவர்தான் வேலை செய்தவர். மேடையில் மாலை வாங்கியவர் பெரும்பாலும் வேறொருவர்.

கண் முகாம் கணக்கை எடுத்துக்கொள்வோம். செயற்கை லென்ஸ் பரவலாவதற்கு முன் கண்புரையை முழுசாக எடுத்துவிட்டு, சில வாரம் கழித்துப் பத்து பவர் வாக்கில் தடிக்கண்ணாடி கொடுப்பார்கள். அறுவை முடிந்தவர்கள் பள்ளிக்கூட வகுப்பறையிலேயே ஒரு வாரம் வாக்கில் படுத்திருக்க வேண்டும். ஆகவே பழைய கேஷ் புக்கில் பாய், தலையணை, அரிசி, பயறு, கறுப்புக் கண்ணாடி, இரவுக் காவல் கூலி எல்லாம் வரும். பின்னாளில் 1988-இல் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை வந்தது. அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்கே ஆளைக் கூட்டிப்போய் லென்ஸ் வைத்துத் திருப்பிக் கொண்டுவரும் முறை வந்தபின் பாய் போய் பஸ் வாடகை வரும். இந்த மாற்றம் தெரியாமல் '1970-களில் லென்ஸ் பொருத்தும் முகாம் நடத்தினார்' என்று எழுதிய மலர்கள் உண்டு. போலியோவிலும் இதே கதை. ரோட்டரியின் போலியோ ஒழிப்புத் திட்டம் 1985-இல் தொடங்கியது. ஆனால் ஒரே நாளில் நாடு முழுக்கச் சொட்டுமருந்து கொடுக்கும் முகாம் இந்தியாவில் 1995 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன் மறைந்தவரை பல்ஸ் போலியோ பூத்தில் நிற்கவைத்துவிடாதீர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில் மினிட்ஸ் மெலிந்து வவுச்சர் கட்டு தடித்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் அப்படிக் கிடந்த நேரத்தில் செயலாளர் உட்கார்ந்து தீர்மானம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார். அந்த வருஷத்து ஆட்களைப் பற்றி எழுத வவுச்சர் ஒன்றுதான் வழி: பாத்திரம், போர்வை, வலை, கட்டுமரத்துக்கு மரம், பில்லின் பின்பக்கம் யார் ஒப்பம்.

படங்கள்

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு சன்னல் வெளிச்சத்தில் சாய்வாக வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து எடுங்கள், பிரதிபலிப்பு வராது. தனிப் படங்களை ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ. அச்சில் 2 அங்குல அகலத்துக்கு 600 புள்ளி வேண்டும் என்பது கணக்கு. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஆல்பத்தை வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு வரவே வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

குரூப் போட்டோவில் ஆளை அடையாளம் காண, படத்தின்மேல் டிரேஸிங் தாள் வைத்துத் தலைகளை மட்டும் வட்டமாக வரைந்து எண் போடுங்கள். மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்ட வேண்டும். சேர்த்து உட்காரவைத்தால் சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதே முடிவாகிவிடும். நெகட்டிவைப் புரட்டிப்போட்டு பிரிண்ட் எடுத்த படங்களும் உண்டு. சட்டைப்பை வலப்பக்கம் இருந்தால், எல்லார் கையிலும் வாட்ச் வலக்கையில் இருந்தால், படம் திரும்பியிருக்கிறது. அதில் 'இடமிருந்து வலம்' எழுதினால் அத்தனையும் தலைகீழ். படத்தின் பின்புறம் எழுத 2பி பென்சில் போதும். பால்பாயின்ட் முகத்தில் தடம் விழவைக்கும்.

வீட்டுக்குப் போகும்போது

மாலை நாலு மணிக்குமேல், இரண்டு பேராக. ஒருவர் பேச, ஒருவர் எழுத. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம், தேவைப்பட்டால் இன்னொரு நாள். வளைகுடாவில் இருக்கும் மகன் லீவில் வரும் சமயம் பார்த்துப் போனால் மச்சில் கிடக்கும் பெட்டியை இறக்க ஆள் இருக்கும்.

"சாரைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று தொடங்கினால் "நல்ல மனுஷன்" என்று மட்டுமே வரும். அதற்குமேல் அவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. கையில் ஏதாவது கொண்டுபோங்கள்: ஃபைன் நோட்டின் ஒரு வரி, ஒரு குரூப் போட்டோ. "1979-இல புது ஸ்கூட்டர் வாங்கினதுக்கு பத்து ரூவா கட்டியிருக்காவளே, அது எந்த வண்டிம்மா?" என்று கேட்டால் பேச்சு ஓடத் தொடங்கும். "அவிய எங்க வீட்டுல சொன்னாவ? ராத்திரி ரத்தம் வேணும்னு ஆளு வந்து நிக்கும், சட்டையப் போட்டுக்கிட்டே எறங்குவாவ" என்கிற மாதிரியான ஒரு பேச்சு வந்தால் அந்த வாழ்க்கைக் குறிப்பு எழுந்து நின்றுவிடும். ரத்த வங்கி கைக்கெட்டாத காலத்தில் வகைவாரியாகப் பெயர் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு ஓடியவர்கள் யார் என்பது பதவிப் பட்டியலில் வராது.

அந்த அம்மாவையும் கேளுங்கள், அவர் பெயரில். ரோட்டரியில் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1989-இல்தான் விதி மாறியது, லயன்ஸில் 1987-இல். அதற்கு முன் முகாம் சமையலையும் நோயாளிகளின் பெயர்ப்பதிவையும் யார் பார்த்தார்கள் என்றால், டைரக்டரியில் 'ஆன்' என்ற தலைப்பில் கணவன் பெயரோடு மட்டும் இருந்தவர்கள். 'திருமதி இன்னார்' என்று கணவர் பெயரால் மட்டும் இருப்பவர்களின் சொந்தப் பெயரைத் தேடிப் போடுவது இந்த வேலையில் கட்டாயம் என்றே சொல்வோம். தனிப் பக்கம் கொடுக்கலாமா என்று கமிட்டியில் முணுமுணுப்பு வரும். கொடுங்கள்.

எதை விடுவது? கடன், குடி, சொத்து வழக்கு இவை வேண்டாம். சாதியைக் கேட்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். கிளப் இரண்டாகப் பிரிந்த கதை இருந்தால் தீர்மானத்தின் தேதியும் வாக்கு எண்ணிக்கையும் போதும். 1982 மண்டைக்காடு கலவர மாதங்கள் சிக்கலானவை. அந்தச் சமயம் ஒரு கிளப்பில் எல்லா மதத்தாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள் என்றால் அது எழுதத் தகுந்ததுதான், ஆனால் மினிட்ஸில் உள்ளபடி மட்டும். நினைவிலிருந்து யாரும் சொல்லும் வீரக் கதைகளை அந்த இடத்தில் சேர்க்காதீர்கள்.

எழுதும்போது

ஒருவருக்கு 250 முதல் 400 சொல். தலைவராக இருந்தவருக்கு நான்கு பக்கம், மற்றவருக்கு அரைப் பக்கம் என்று அளவு போடுவது பெரிய பிழை. எத்தனை பக்கம் என்பதைக் கிடைத்த விவரம் முடிவு செய்யட்டும். மாதிரிக்காக, கற்பனையான ஒருவரை இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம்.

சூவனீர் நடை: 'பிரபல செங்கல் தொழிலதிபரும் சிறந்த சமூக சேவகருமான அன்னார், கிளப்பின் அனைத்துப் பணிகளிலும் ஆர்வத்துடன் பங்கேற்று அனைவரின் அன்பையும் பெற்றவர்.'

ரெக்கார்டு நடை: 'செண்பகராமன்புதூரில் செங்கல் சூளை. 1974-75 முதல் 1991-92 வரை உறுப்பினர். பதவி எதுவும் ஏற்கவில்லை. நன்கொடைப் பட்டியலில் மூன்றே இடத்தில் பெயர் இருக்கிறது. கண் முகாம் வவுச்சர்களில் பதினொரு இடத்தில் "லாரி வாடகை: இல்லை" என்ற குறிப்பு. அந்த லாரி இவருடையது. தாமதத்துக்கு ஃபைன் கட்டிய தடவைகளில் இவரை யாரும் மிஞ்சவில்லை, காரணம் சூளைக்குத் தீ வைக்கும் நாளும் கூட்டநாளும் வியாழன்.'

இரண்டாவதில் ஒரு பாராட்டுச் சொல்லும் இல்லை. வீட்டார் அதைத்தான் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுவார்கள்.

எழுதியதைக் குடும்பத்துக்கு அனுப்பி ஒரு வாரம் கெடு கொடுங்கள். தேதி, பெயர், உறவு இவற்றைத் திருத்தச் சொல்லுங்கள். அடைமொழி சேர்த்து வந்தால் மரியாதையாக நீக்கிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அச்சு

டெம்மி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 40 பேருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம், முன்னும் பின்னும் சேர்த்து 96 பக்கம், ஆறு ஃபாரம். 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் கறுப்பு வெள்ளைப் படம் நன்றாகவே வரும். படங்களை மட்டும் ஆர்ட் பேப்பரில் தனியாக நடுவில் வைத்தால் ஆளும் எழுத்தும் பிரிந்துபோகும். பைண்டிங் தையல் போடச் சொல்லுங்கள். வெறும் பசை பைண்டிங் இந்த ஊர் ஈரத்தில் நிற்காது.

பழைய சூவனீர் ஃபைல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறி 'கோ' 'கொ' ஆகிவிடும், 'ஸ்ரீ' சிதறும். கட்டுரையை ஒருவர் திருத்தினால் போதும். பெயர்களை மட்டும் தனியாக அச்செடுத்து, ஒருவர் எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசிக்க இன்னொருவர் மூலப் பட்டியலைப் பார்த்து ஒப்பிட வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்தால் தெரிந்த பெயர்களில் பிழை தெரியவே தெரியாது.

வீட்டுக்கு இரண்டு பிரதி, நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் ஒவ்வொன்று. ஒன்றும் கிடைக்காத உறுப்பினருக்குப் பெயர், தொழில், சேர்ந்த ஆண்டு மட்டும் அச்சிட்டு மீதியை வெற்றாக விடுங்கள். நிரப்பி எழுதப்பட்ட பக்கங்களைவிட இந்த வெற்றுப் பக்கத்துக்குத்தான் போன் வரும்: "எங்க பாட்டாவப் பத்தி ஒண்ணும் இல்லியே, எங்கிட்ட ஒரு டைரி கெடக்கு" என்று. அதற்காகவே ஒரு பிரதியைக் கிளப் அலமாரியில் தனியாக வைத்து, வரும் தகவலை அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி, சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு, பக்கத்தில் அந்த ஃபைன் நோட்டையும் வைத்துப் பூட்டுங்கள். சாவி செயலாளரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று.